கசக்காத திருநீறு

புஷ்பத்தின் அம்மாவுக்கு,

உன்னிடம்கூட ஒன்றை மறைத்துவிட்டேன். ஜப்பான்காரன் மருந்து என்று பயந்து, மலேரியாக் காய்ச்சலில் கிடந்த தோட்டத்து ஆட்கள் கொயினா மாத்திரையைத் தொடவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரான நான்தான் அதைப் பொடித்துக் கோயில் திருநீற்றில் கலந்து கொடுத்தேன். கசந்தாலும் விழுங்கினார்கள், பிழைத்தார்கள்.

போன மாதம் கொயினா தீர்ந்தது. உண்மையைச் சொன்னேன். "சாமி துன்னூறு இருக்கையில மருந்து எதுக்குங்க?" என்று சிரித்தார், பால்மரம் வெட்டும் அய்யாவு. நேற்று அவரைப் புதைத்தோம். இன்றும் கோயில் வாசலில் வரிசை நிற்கிறது.

மகளின் காய்ச்சலுக்கு நான் குளுவாங்குக்கு அனுப்பிய திருநீறும் அப்படிக் கலந்ததுதான். அது தீர்ந்ததும் பூசாரியிடம் வாங்கிக் கொடுக்கிறாயாமே. "இப்ப முகம் சுளிக்காம முழுங்குறா" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

அது கசக்க வேண்டுமடி.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்