ஏழு மட்டிகளையும் நீக்க மாட்டேன்

திங்கட்கிழமை, நீ நூல் கட்டி வைத்திருந்த குப்பிகளைத் திறந்தேன். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறி இருமிவிட்டேன். நீ இருந்திருந்தால், ‘சன்னலத் தொறந்து விடுட்டி’ என்று கத்தியிருப்பாய். இங்கே புனே ஹடப்சரில் சன்னலைத் திறந்தால் வண்டிப் புகைதான் வரும், அது வேறு.

எண்ணூர் முகத்துவாரத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாம் பறித்த காக்கா ஆழி மட்டிகள். கப்பல் அடியில் ஒட்டிக் கடல் தாண்டி வந்த அந்நிய இனம். சேற்றையே மூடிவிட்டதால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்குக் கைவைக்க இடமில்லை. ‘இது ஒரு தரம் வந்து பெருகுனதா, பல தரம் வந்துச்சா? அத மட்டும் சொல்லுங்கம்மா’ என்று ஒருத்தி கேட்டாள். அதற்காகத்தான் புனே வரை கொண்டுவந்து மரபணுவைப் படித்தோம்.

மற்றவை ஒரே கடற்கரையைக் காட்ட, ஏழு மட்டிகளில் மட்டும் இரண்டு வேறு நாட்டுக் கடற்கரைகளின் அடையாளம் சேர்ந்தே இருந்தது. தனித்தனியாக வந்த கூட்டங்கள் இங்கே கலந்து பிறந்தவை என்றாய். நம் ஆய்வகத் தலைவர் சிரித்தார். ‘அரே, ரெண்டு மட்டியோட சதையை ஒரே குப்பியில போட்டிருப்பீங்க’ என்றார். எனக்கே சந்தேகம். அன்று கொட்டும் மழை, சதையை வெட்டிப் போட்டது நான்தான். உன்னிடம் ஒப்புக்கொண்டபோது நீ திட்டவில்லை.

‘மடியில கனமில்லன்னா வழியில எதுக்குட்டி பயம்? திரும்ப வெட்டிப் பாத்துருவோம்.’

நான் வெட்டியதும் மீதிச் சதையை ஓட்டோடு தனிக்குப்பியில் போட்டு நூல் கட்டுவது உன் வழக்கம். நேர்த்திக்கடனா என்று கேலி செய்திருக்கிறேன்.

திரும்ப வெட்டுமுன் காய்ச்சலில் படுத்தாய், மூன்றாம் வாரம் போய்விட்டாய். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, உன்மேலும்தான். ஏழையும் அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னார் தலைவர். பல மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை திரும்ப வெட்டிக் கொடுத்த உன் குப்பிகளின் முடிவு இன்று வந்தது. ஏழிலும் அதே இரட்டை அடையாளம். தலைவர் மேசையில் வைத்தேன்.

‘ஜானே தோ, விட்டுடுங்க. அவங்களே இல்ல, இனி யார் வாதாடப்போறாங்க?’

‘நான் இருக்கேன் சார். அத நீக்குனா என் பேரையும் நீக்கிடுங்க.’

முடிவுத் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் நீக்கட்டும், விடட்டும். நாளைய சென்னை ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். எண்ணூரில் கேட்டவளிடம் நேரில் சொல்ல வேண்டும்: ‘ஒரு தரம் இல்லம்மா, வேற வேற எடத்துலேர்ந்து வந்திருக்கு. கப்பல்ல வந்த வழி இன்னும் அடைபடல. தட்டிக் கேக்குறத விடாதீங்க.’

யார் கண்டுபிடித்தது என்று கேட்பாள். உன் பெயரைத்தான் சொல்வேன்.