நீ நுழைய முடியாத வீடுகள்

என் பிரியமான அண்ணே,

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. குரங்கணி ரோட்டில் ஜீப்பு உருண்டு கால்கள் விழுந்துபோன பிறகு, சக்கர நாற்காலியோடு நீ புழங்குகிற மாதிரி ஒரு வீடு வாங்க போடி ஊர் முழுக்க அலைந்தோமே. ஒரு வீட்டுக்குள்ளாவது நீ போனாயா? நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்து, வாசலில் வந்து உனக்குச் சொல்வேன்.

வீடு கட்டி விற்கிற அந்தக் காண்ட்ராக்டர் நினைவிருக்கிறதா? "அஞ்சு படிதானப்பா! நாலு பேரு தூக்குனா சோலி முடிஞ்சுது" என்றார். நீ சிரித்தாய். "நாலு பேரு தூக்குற நாளு தன்னால வரும்ணே. அதுக்கு முந்தி நானா உள்ள போகணும்ல?" அவருக்கு விளங்கவே இல்லை. படி கட்டத் தெரிந்த அந்தத் தலைக்குள் வேறெதுவும் கட்டியிருக்கவில்லை.

இப்போது எனக்கு இதுதான் வேலை. உன்னைப் போன்றவர்கள் வீடு தேடினால், அளவு டேப்போடு கூடப் போகிறேன். போன மாதம் சிலமலையிலிருந்து டீச்சர் ஒருவர் வந்தார். சிறுவயதிலேயே போலியோ. அதே காண்ட்ராக்டர் பெருமையாக ஒரு புது வீட்டைக் காட்டினார்.

"பாருங்க டீச்சர், உங்கள மாதிரி ஆளுகளுக்குன்னே சாய்தளம் போட்டிருக்கேன்."

சுவரில் ஏணி சாத்தியது போல ஒரு செங்குத்து. அதன்மேல் வழுவழு டைல்ஸ் வேறு. டீச்சர் தன் சக்கர நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் சேருக்கு மாறிக்கொண்டு, "நீங்களே ஏறிக் காமிங்கண்ணே" என்றார். கௌரவம் விடுமா? காண்ட்ராக்டர் அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உருட்டினார். பாதிகூட ஏறவில்லை, பின்னாலேயே உருண்டு வந்தார். நான் பிடிக்காவிட்டால் சாக்கடைதான். எழுந்து வேட்டியை உதறிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பழகுனா வரும்."

இந்த மனிதரிடமா நாம் அவ்வளவு கெஞ்சினோம்?

டீச்சருக்கு வீடு அமைந்துவிட்டது. காலியாகக் கிடந்த ஏலக்காய்க் குடோன். மூட்டை வண்டி தட்டாமல் போக வாசல் தெருவோடு சமம், கதவு விசாலம். சமையலறையும் பாத்ரூமும் அவர் அளவுக்குக் கட்டிக்கொண்டார். ஏலக்காய் மூட்டைக்குக் கிடைத்த மரியாதை உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்தக் குடோன் அப்போதும் காலியாகத்தான் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் உன்னைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு நாள்கூட என் புத்தியில் படவில்லை. காண்ட்ராக்டரைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்கிறேன்.

நாளை பொட்டிபுரத்திலிருந்து ஒருவர் வருகிறார். குடோனோ கடையோ, அவர் தானாக உள்ளே போகிற ஒரு கதவைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
பிந்திப் புத்தி வந்த உன் தங்கச்சி,
செல்வி