சாக்கில் பரப்பிய ஒஸ்டின்

வெள்ளவத்தை, கொழும்பு
12.06.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

கடல் சத்தத்தோடும் ரயில் சத்தத்தோடும் நாங்கள் சுகம். அங்கே நீங்கள் எந்தச் சத்தமும் இல்லாமல் சுகமாயிருக்க வேண்டும்.

ஆங்கில ரீச்சர் ‘ஓவர்ஹோல்’ என்ற சொல்லை வைத்து வசனம் எழுதச் சொன்னார். “என் அப்பா இரண்டு வருடமாகக் காரை ஓவர்ஹோல் செய்கிறார்” என்று எழுதினேன். “ரெண்டு வருஷமோ? கப்பலையே முடிச்சிருக்கலாம் பிள்ளை!” என்றார். வகுப்பே சிரித்தது. அகராதியைப் பார்த்தேன். பழுதான இடத்தை மட்டும் திருத்தினால் ரிப்பேர். பழுதாகாததையும் கழற்றி, கழுவி, சோதித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டினால்தான் ஓவர்ஹோலாம். கடிகாரத்துக்கும் சொல்லலாம், பாடத்திட்டத்துக்கும் சொல்லலாம்.

வேலை முடிந்ததும் வருவேன் என்றீர்கள். எப்போது முடியும்? “அந்த மனுசனுக்கு நாங்களோ காரோ எண்டால் கார்தான்” என்கிறார் அம்மா. அவர் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்பு மகள்,
யசோதரா


சுன்னாகம், யாழ்ப்பாணம்
20.07.1995

என் அருமை யசோவுக்கு,

நீ விட்ட இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

அகராதி சொல்வது சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது: கழற்றிய வரிசை கழற்றியவனுக்கு நினைவிருக்க வேண்டும். கராஜில் சாக்கு விரித்து, எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே பரப்பி வைத்திருக்கிறேன்.

இதைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவதால் துணிந்து எழுதுகிறேன். வேலை எப்போதோ முடிந்துவிட்டது. வேண்டுமென்றேதான் பூட்டவில்லை. ஓடுகிற காரை, நாங்கள் இல்லை என்று சொல்ல முடியாத துவக்குக்காரர் வந்து கேட்பார்கள். போன கார் திரும்பாது. சாக்கில் கிடப்பதை ஒருவரும் கேட்பதில்லை. நான் போய்விட்டால் இரும்பு விலைக்கு அள்ளிவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த ஒஸ்டின் அது. எப்படி விட்டு வருவேன்?

அப்பா


வெள்ளவத்தை
03.09.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, “கார் கிடக்கட்டும். ஆள் வரலாம்தானே?” என்றார். பேனையை எடுத்தவர் வைத்துவிட்டார்.

நான் ஒரு கனவு கண்டேன். ரயில் பாதைக்கு அப்பால், மணலில் உங்கள் சாக்குகள் விரிந்திருந்தன. ஒவ்வோர் அலையும் ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. நீங்கள் முழங்கால் நீரில் நின்று, “அது இல்லை, மற்றது” என்று கடலுக்குச் சொன்னீர்கள். கடலும் கேட்டது. கார் முழுதாகிப் பளபளவென்று நின்றது. கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே நீங்கள் மட்டும் இல்லை.

கார் இல்லாமல் வாருங்கள் அப்பா.

யசோ


வவுனியா
18.01.1996

என் அருமை யசோவுக்கு,

பயப்படாதே, உயிரோடு இருக்கிறேன். ஒக்டோபர் கடைசியில் ஆமி நெருங்க, ஊர் முழுவதும் எழும்பி நடந்தது. பக்கத்து வீட்டு நாகேந்திரம் மாஸ்ரர் நடக்க முடியாத தாயை நாற்காலியில் வைத்துத் தூக்கினார். “உங்கட கார் மட்டும்...” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். பூட்ட ஒரு நாளாவது வேண்டும். அது இருக்கவில்லை. நாற்காலியின் மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். கிளாலிப் படகுத்துறை வரைக்கும் அவரும் நானும்.

வெளிக்கிடும்போது காரின் ஒரு ஸ்பார்க் பிளக்கை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டேன். மற்றதெல்லாம் வரிசையாகவே கிடக்கின்றன. கிடந்தன.

இங்கே சோதித்த ஆமிக்காரப் பெடியன் பிளக்கைப் பிடித்துக்கொண்டு “மே மொக்கத?” என்றான். என்ன இது என்று கேட்டவனுக்கு, “ஓவர்ஹோல்” என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை. திருப்பித் தந்துவிட்டான்.

கொழும்புக்கு வர ஆமியின் பாஸ் கிடைக்கும் போலிருக்கிறது. வரலாமா என்று அம்மாவிடம் கேள்.

அப்பா


வெள்ளவத்தை
27.01.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டேன். பேனையைத் தா என்கிறார். நான் நிறுத்துகிறேன்.

யசோ

யசோட அப்பாவுக்கு,
நாற்காலி தூக்கின தோள் நோகும். மெல்ல வாங்கோ. பிளக்கைத் துலைச்சுப் போடாதேங்கோ.
அருந்ததி