கிழிந்த சீட்டு வண்டி

ஆம்பூர். மாசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்ட என் மகன் துரைசாமிக்குப் பழைய கார் வாங்க இன்று வேலூர் போனோம். பழைய கார் விற்கும் சாயபுவின் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்றன. தோல் வியாபாரி புத்தி, நான் முதலில் சீட்டைத்தான் தடவினேன். ஒன்றில் அருமையான தோல், ஒரு கீறல் இல்லை. மற்றதில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. நல்ல சீட்டு வண்டிக்கு அச்சாரம் கொடுக்கப் போனேன்.

"இரு நைனா" என்று துரைசாமி தடுத்தான். இரண்டுக்கும் முன்னால் கைப்பிடி போட்டு இஞ்சினைச் சுழற்றிப் பார்த்தான். நான் பிடித்த வண்டி இருமி இருமி நின்றுபோனது. கிழிசல் வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது.

"சீட்டு கிழிஞ்சா நம்ம மண்டியிலயே தோல் கீது. இஞ்சின் போனா இன்னா பண்றது? இது வெலயும் கம்மி."

சாயபு சிரித்துவிட்டார். "புள்ள உங்களவிட உஷாரு!"

"ஜாஸ்தி பேசாதடா" என்று மகனை அதட்டினேன். வேறென்ன செய்வது, எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

கிழிசல் வண்டியையே வாங்கி, அதிலேயே என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். மேட்டில்கூடத் திணறவில்லை.

சாப்பிட்டதும் மண்டிக்குப் போய், கப்பலில் சீமைக்கு அனுப்ப ஒதுக்கியிருந்த தோலில் மிக உயர்ந்ததாக இரண்டை அந்தச் சீட்டுக்கென்று உருவி வைத்துவிட்டு வந்தேன். அவனிடம் கழிசல் தோல் என்றுதான் சொல்வேன்.