பதினைந்து இலக்கம்

16 நவம்பர் 2009, சதுரங்கப்பட்டினம்

டிசம்பர் பிறந்துவிட்டால், தனக்கென்று பதினைந்து இலக்க எண் இல்லாத செல்போன் எதுவும் பேசாதாம். மீனவர் குப்பத்தில் பாதிப் பேர் கையில் நம் கடையில் வாங்கிய சைனா செட்தான். அந்த எண்ணைப் பார்க்க *#06# அழுத்தினால் எல்லாவற்றிலும் வெறும் சைபர். பயம் ஒன்றும் இல்லை. சென்னையில் அனுமதி பெற்ற மையத்தில் செட்டுக்கு ஒரு புது எண் ஏற்றித் தருகிறார்கள்.

19 நவம்பர்

சின்னையன் அண்ணன் படகைக் கரையேற்றிவிட்டு நேரே கடைக்கு வந்து சண்டை. “சிம்முக்கு நம்பர் கீதே, போனுக்கு இன்னாத்துக்கு?”

“சிம் நம்பர் உனக்குண்ணே. இது போனுக்கு. எவனாவது திருடினா இத வச்சே அந்த போன அடைச்சிடலாம்.”

என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

28 நவம்பர்

அச்சரப்பாக்கத்தில் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. செட்டுகளை எல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து, சென்னைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். “மையத்துல கூட்டமா இருக்குமே ராஜம்” என்றார். இருந்தால் என்ன, நிற்கட்டும்.

1 டிசம்பர்

குப்பத்தில் ஒரு போன்கூட ஊமையாகவில்லை! இவர் எல்லாவற்றையும் முடித்து, கொடுத்தும்விட்டார். கட்டிய மனுஷனைக் குறைத்து எடை போட்டுவிட்டேன். வஞ்சிரம் வறுத்துப் போட்டேன்.

5 டிசம்பர்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எவனோ என் போனை உருவிவிட்டான். அழவில்லை. போன் வந்த பெட்டியில் இருந்த எண்ணோடு போலீஸில் புகார் கொடுத்தேன். செல் கம்பெனிகளுக்குச் சொல்லி அடைத்துவிடுவார்களாம். பேசிப் பார்க்கட்டும் திருடன்!

“போனா போவுது, வுடு ராஜம்” என்கிறார் இவர். ஏன் இவருக்கு இப்படி வேர்க்கிறது?

8 டிசம்பர்

குப்பத்துப் போன்கள் மொத்தமும் செத்துவிட்டன. சின்னையன் அண்ணன் படகில் இன்ஜின் நின்று, கரைக்குச் சொல்ல வழியில்லாமல் துடுப்புப் போட்டே வந்திருக்கிறார். “உங்கள நம்பித்தானே வாங்குனோம்?” என்று கேட்டார்.

அவர் போனில் அழுத்தினேன். வந்தது என் போனின் எண். அடுத்த போனிலும் என் எண். அதற்கடுத்ததிலும்.

“நான் சென்னைக்கே போவல” என்றார் இவர். “உன்னுது நல்ல நம்பராச்சேன்னு, கம்ப்யூட்டர்ல அதையே எல்லாத்துக்கும் ஏத்திட்டேன்.”

அடப்பாவி மனுஷா! திருடனை அடைக்கப்போய் ஊரையே அடைச்சிட்டேனே. இனி எவன் நம்ம கடைப் படி ஏறுவான்?

9 டிசம்பர்

மூடி மறைத்தால் கடை போய்விடும். இவரைக் குப்பத்துக்குக் கூட்டிப்போய் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். வசவு மழை. நானும் நனைந்தேன்.

பிறகு போலீஸ் ஸ்டேஷன். மையத்தில் புது எண் ஏறும் வரையாவது போன்கள் பேச வேண்டுமே. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றதும் ஏட்டு சிரித்தார். “திருடன் பேசினுகீறதுல உனக்கு இன்னாமா சந்தோஷம்?”

“அவன் பேசினாத்தான் சார் எங்க ஊரு பேசும்.”

20 டிசம்பர்

கடைசி செட்டும் இன்று மையத்திலிருந்து வந்தது. இந்த முறை வரிசையில் நான் நின்றேன்.

சின்னையன் அண்ணன் தன் மகளுக்குப் புது போன் கேட்டார். இவர் எடுத்துக் காட்டினார். அண்ணன் அதை வாங்கித் தானே அழுத்தி, தன் போனையும் பக்கத்தில் வைத்து, இலக்கம் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். “வேற வேறதான்” என்றார். இவர் தலை நிமிரவில்லை.

எங்கள் வார்த்தையை மட்டும் நம்பி இனி யாரும் வாங்கமாட்டார்கள். பார்த்துத்தான் வாங்குவார்கள். அண்ணனும் வாங்கினார்.