பட்டறிவால் வந்த வம்பு

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தனசேகருக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறேன் இல்லையா, மூன்று மணி நேரம் பேனா பிடிக்கக் கை பழக வேண்டும், அதற்குத்தான் இது, படம் எடுத்து அனுப்புகிறேன். வீட்டில் இப்போது எல்லாமே அணி இலக்கணம்தான். காபி கழுநீர் போல இருக்கிறது என்று அப்பா சொன்னால் உவமை அணி என்கிறேன். நூறு வருஷமா டிபன் வரல என்றால் உயர்வு நவிற்சி. இவ்ளோ படிச்சவ கையால சாப்பிட நான் கொடுத்து வச்சிருக்கணும் என்றார் ஒரு நாள், வஞ்சப்புகழ்ச்சி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பேஜார் பண்றியே லீலா என்று தறிப்பக்கம் எழுந்து போய்விட்டார்.

இந்தப் படிப்பால் போன மாதம் ஒரு வம்பு வந்தது. ராமதாஸ் மாமாவின் மணிவிழாவுக்கு வாழ்த்துப்பா நீயே எழுதிப் படி என்று கீதா அத்தை கேட்டாள். அப்பாவுக்கு ஒரே அக்கா, மறுக்க முடியுமா. பட்டறிவால் பேரெடுத்தார், பட்டாலே சீரெடுத்தார் என்று எழுதினேன். எதுகை, மோனை, இயைபு மூன்றும் விழுந்துவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபத்தில் படித்து முடித்ததும் எனக்குப் பாடம் சொல்லித்தரும் தென்னரசு சார் மைக்கை வாங்கி, இது சிலேடை, பட்டுத் தொழிலைப் பற்றிய அறிவும் பட்டறிவு, கஷ்டப்பட்டு வந்த அறிவும் பட்டறிவு, பட்டுக் கடையை மூடிட்டு முள்ளிப்பட்டுல கூலிக்கு நெய்ஞ்சவர்தானே நம்ம ராமதாஸ் என்று விளக்கம் வேறு கொடுத்துவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். மாமா மகள் தீபாவைப் பெண் கேட்டிருந்த காஞ்சிபுரத்துக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்கு அந்தக் கதையே தெரியாது. நான் இரண்டு அர்த்தத்தையும் பெருமையாக நினைத்துத்தான் எழுதினேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை, ஒன்பது நாள் போனையும் எடுக்கவில்லை. எனக்குப் புத்தகத்தைத் தொடவும் மனம் வரவில்லை.

பத்தாம் நாள் மாமா மட்டும் வந்தார். அன்னிக்கே காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு நானே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா, ஒளிச்சி வச்சிகினு எத்தினி நாள் இருக்கறது என்றார். தறியில் உட்கார்ந்தவர் வீட்டுப் பெண் என்றால் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்று அவர்கள் தை மாதத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். பிறகு தயங்கித் தயங்கி, கூலிக்கு நெய்ஞ்ச அந்த மூணு வருஷமும் தறிக்குத் தார் நூல் சுத்திக் குடுத்து என்னை நிமுத்தனது அவதான், அவளுக்கும் ரெண்டு வரி எழுதேன் என்றார். நிலவு போல என்று உவமை வைத்தேன், ‘போல’வை எடுத்துவிட்டு உருவகமாக்கினேன், ரெண்டையும் அவ ஒத்துக்கமாட்டா என்று தலையாட்டினார். கடைசியில், மூன்று வருடம் தார் சுற்றினாள், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் ஒரு அணி இருக்கிறது, இயல்பு நவிற்சி என்று பெயர்.

மறுநாள் காலை அத்தை அந்தத் தாளோடு நேராக என் அடுப்படிக்கு வந்தாள். யார் சொன்னது சுளிக்கலன்னு, தினமும் சுளிச்சேன், அந்த மனுஷன் தறியப் பாத்துகினு இருந்தாரு, என்னை எங்க பாத்தாரு என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவை எடுத்து அவள் எதிரிலேயே அடித்துத் திருத்தினேன், மூன்று வருடமும் முகம் சுளித்துக்கொண்டே தார் சுற்றினாள் என்று. இப்பதான் சரி என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

தை மாதத்துக்கு இப்போதே லீவு சொல்லிவை. வெயிலில் தலையை மூடிக்கொள், ராத்திரி தயிர் சாப்பிடாதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரின் ஆசிகள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மா. லீலா