தேவையில்லாதவர்கள்

தை மாதம், ஞாயிறு இரவு, குளுவாங், மலேசியா.

சிங்கப்பூரிலிருந்து மகன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வாடா என்றுதான் கேட்டேன். மூன்று வயதில் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தானே, அப்போது அவனுக்காக வேண்டிக்கொண்டது. படிப்பு, பரீட்சை, வேலை என்று இத்தனை வருஷம் தள்ளிக்கொண்டே வந்தான்.

"அம்மா, நான் யூனிவர்சிட்டில விஞ்ஞானம் சொல்லிக் குடுக்கறவன்லா. என்னைப் போயி..."

"அப்ப சாமி இல்லங்கறியா?"

"இல்லன்னு சொல்லலம்மா. உலகம், நட்சத்திரம் எல்லாம் எப்படி வந்துச்சுன்னு நாங்க கணக்குப் போடறோம். அதுக்கு சாமி தேவையில்ல, அவ்வளவுதான்."

"அதுக்கெல்லாம் முன்னால என்னடா இருந்துச்சு?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா" என்று சிரித்தான். தெரியாது என்பதையும் பெருமையாகச் சொல்கிறான்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பேத்தி பிறந்தபோது மருமகளுக்குப் பிரசவ மருந்தெல்லாம் இடித்து, பையைக் கட்டி வைத்திருந்தேன். போனில் சொன்னான்: "வீட்டு வேலைக்கு மெய்ட் இருக்காம்மா, நீங்க வரத் தேவையில்ல." அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தான். மருந்தை நான்தான் சாக்கடையில் கொட்டினேன்.

சாமிக்கும் எனக்கும் ஒரே பதில்.

இன்று கிளம்பும்போது எப்போதும்போல் குனிந்து நெற்றியைக் காட்டினான். "உனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திருநீறு பூசாமல் உள்ளே வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் அடிப்பான். இன்னும் அடிக்கவில்லை. சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் நெரிசலாக இருக்கும்.

திருநீற்றுத் தட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.